கடல் எண்ணுக்கும் ஒரு பாயிரம்: காலநிலைத் தரவில் எல்லை குறித்தல்

குருண் நகரில் நின்று மேற்கே நோக்கினால் 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலை கண்முன் எழுந்து நிற்கும். மலைக்கு அப்பால் யான் கடற்கரை. நேர்கோட்டில் அளந்தால் நமக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொலைவு 20 கிலோமீட்டருக்கும் குறைவே. பாய்மரக் காலத்தில் வங்கக் கடலைக் கடந்து கடாரத்தை நாடி வந்த மாலுமிகளுக்கு இம்மலையே தொலைவிலிருந்து புலப்படும் அடையாளமாக விளங்கியது. மலையின் தென்புறத்து மெர்போக் ஆற்றையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் ஒட்டிக் கிடைத்துள்ள தொல்பொருள்கள் அவ்வணிகத்திற்குச் சான்று பகர்கின்றன.

செம்பனைத் தோட்டங்களுக்கும் இரயில் பாதைக்கும் இடையே வாழும் நமக்குக் கடல் அன்றாடம் நினைவில் வருவதில்லை. ஆயினும் அது நம்மை விட்டு விலகி இருப்பதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கோத்தா கோல மூடாவின் மீனவக் குடியிருப்புகளில் புகுந்ததை நம் பெற்றோர் கண்டனர். ஜெராய் மலைக்கு வடக்கே கடலோரம் வரை பரந்து கிடக்கும் நெல்வயல்கள் நாட்டின் நெற்களஞ்சியமாகும். கடல்மட்டம் உயர்ந்தால் அவ்வயல்களில் உவர்நீர் புகாமல் காக்கும் கரைகளின் உயரத்தையும் மாற்றியாக வேண்டும்.

எவ்வளவு உயர்த்துவது? எத்தனை ஆண்டுகளுக்குள் உயர்த்துவது? இவ்வினாக்களுக்கு இன்று விடை தருபவை, கணினிகளில் இயங்கும் கடல் காலநிலை மாதிரிகள். அவை எண்களைத் தருகின்றன. அந்த எண் உலகின் எந்த நீர்ப்பரப்பைக் குறிக்கின்றது என்பது அதனோடு எழுதப்பட்டுள்ளதா என்பதே இவ்வுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

1. பாயிரமும் மீத்தரவும்

அறிவியலார் 'மீத்தரவு' என்னும் ஒரு சொல்லை வழங்குகின்றனர். தரவைப் பற்றிய தரவு என்பது அதன் பொருள். ஒரு கோப்பில் 29.4 என்னும் எண் இருப்பின், அது வெப்பநிலையா உவர்ப்பா, எந்த அலகில் அளக்கப்பட்டது, யார் கணித்தது, எக்காலத்துக்கு உரியது, எவ்விடத்துக்கு உரியது என்பவற்றை எடுத்துரைக்கும் குறிப்புகளே மீத்தரவு. அக்குறிப்புகள் இல்லையேல் 29.4 என்பது வெறும் எண்ணே.

இக்கருத்து தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளை உரைத்தல் வேண்டும் என வரையறுக்கின்றது. நூலை இயற்றியவர் யார், அது எவ்வழி வந்தது, அதன் பெயர் யாது, எப்பொருளைக் கூறுகின்றது, எவ்வாறு யாக்கப்பட்டது, யார் கேட்டற்குரியது, அதனால் விளையும் பயன் யாது என்னும் ஏழனோடு, நூல் வழங்கும் நிலத்தின் எல்லையையும் அது ஒரு செய்தியாக வைத்துள்ளது. இன்றைய தரவுக் காப்பகங்கள் கேட்கும் படிவங்களை இவ்வெட்டோடு ஒப்பிட்டுக் காண்க. ஆக்கியோர், மூலம், தலைப்பு, பொருள், கட்டமைப்பு, பயனர், பயன், புவியெல்லை என அவை ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று பொருந்தக் காணலாம்.

தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் எல்லையாகக் காட்டுகின்றது. கிழக்கிலும் மேற்கிலும் கடல் இருத்தலால் அவ்விரு திசைகளுக்கும் எல்லை கூற வேண்டாவாயிற்று என்பர் உரையாசிரியர். அன்று கடலே எல்லையாக நின்றது. இன்றோ கடலையே பகுத்து ஆராய்கின்றோம். ஆகவே கடலுக்கும் எல்லை எழுத வேண்டியவர்களாக உள்ளோம்.

2. கடார மன்னன் பெயரால் எழுதப்பட்ட எல்லை

எல்லை எழுதுவதில் நம் முன்னோர் காட்டிய கவனத்துக்குக் கடாரத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. கடார மன்னன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எழுப்பினான். அவ்விகாரத்துக்கு முதலாம் இராசராச சோழன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைப் பதிவு செய்தவையே ஆனைமங்கலச் செப்பேடுகள். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டமையால் இவை லெய்டன் செப்பேடுகள் எனவும் பெயர் பெற்றன. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். அவற்றுள் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் பொறிக்கப்பட்டவை.

தமிழ் ஏடுகளில் ஆனைமங்கலத்தின் எல்லைகள் விரிவாக எழுதப்பட்டுள்ளன. நாட்டார் உடனிருக்கப் பெண் யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, அது நடந்த வழியே கல்லும் கள்ளியும் நட்டு, அதன் பின்னரே ஓலையில் எழுதுவது சோழர் கால வழக்கம். கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என வலமாகச் சுற்றி, எந்த வாய்க்கால் வரை, எவ்வூர் நிலத்தின் ஓரம் வரை என விளக்கமாகப் பதிவு செய்தனர். நான்கு திசைப் பெயரோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. எல்லைக்கோடு எங்கெங்கே வளைகின்றதோ அங்கெல்லாம் எழுத்தும் உடன் வளைந்தது.

ஏன் இவ்வளவு உழைப்பு? எல்லை தெளிவாக இல்லையேல் கொடையும் தெளிவாக இராது. எந்த வயலின் விளைச்சல் விகாரத்துக்குரியது, எந்த வயலின் விளைச்சல் அயலூர்க்குரியது என்னும் வழக்கு எழும். நம் நாட்டில் இன்று நிலத்துக்குக் 'கிராண்டு' வைத்திருப்போர் அனைவரும் இதனை அறிவர். லோட் எண்ணும் எல்லைக்கல்லும் இன்றி நிலம் தமக்குரியது என எவரும் நிறுவ இயலாது. கடல் எண்ணுக்கும் இதே விதி பொருந்தும்.

3. மாதிரிக்குள் கடல் எவ்வாறு இருக்கின்றது?

கடல் காலநிலை மாதிரி என்பது கடலின் இயக்கத்தை விளக்கும் இயற்பியல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் ஒரு பெரு நிரலாகும். கடலின் ஒவ்வொரு துளியையும் கணிக்க எக்கணினியாலும் இயலாது. ஆதலின் கடற்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஓர் உவர்ப்பு, ஒரு கடல்மட்டம் எனக் கணிக்கின்றனர். உலகு தழுவிய ஆய்வுகளில் பல மாதிரிகளின் கட்டங்கள் ஏறத்தாழ ஒரு பாகை அகலம் உடையவை. நிலநடுக்கோட்டருகே ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அவற்றினும் நுண்ணிய மாதிரிகளில் கட்டம் கால் பாகை, அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர், அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்.

இங்கு முதல் இடர் எழுகின்றது. கோப்பில் கட்டத்தின் இருப்பிடமாகப் பெரும்பாலும் அதன் நடுப்புள்ளியே எழுதப்பட்டிருக்கும். நெட்டாங்குகள் (தீர்க்கரேகைகள்) 98.5, 99.5, 100.5 எனக் கோப்பில் உள்ளன எனக் கொள்வோம். இதைக் காணும் மாணவர், தரவு 98.5 முதல் 100.5 வரை பரந்துள்ளது எனக் கருதுவார். உண்மையில் முதற் கட்டம் 98இல் தொடங்குகின்றது. இறுதிக் கட்டம் 101இல் முடிகின்றது. மாணவர் கருதிய எல்லை இரு புறமும் அரைப் பாகை, அதாவது ஏறத்தாழ 55 கிலோமீட்டர் குறைந்துவிட்டது. குருணிலிருந்து யான் கரைக்கு உள்ள தொலைவைப் போல இது இரண்டரை மடங்குக்கும் மேற்பட்டது.

இதனைத் தவிர்க்கவே, காலநிலைத் தரவுக் கோப்புகளை எழுதுவோர் 'சி.எஃப். மரபு' என்னும் பொது விதித்தொகுப்பைப் பின்பற்றுகின்றனர். காலநிலை, முன்கணிப்பு என்னும் இரு சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன இப்பெயருடைய மரபின் முதற் பதிப்பு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'நெட்சிடிஎஃப்' என்னும் கோப்பு வடிவத்துக்கு ஏற்ப அமைந்த இம்மரபு, நடுப்புள்ளியோடு கட்டத்தின் விளிம்புகளையும் தனியே எழுத வழி வகுக்கின்றது.

விளிம்பு எழுதுவது கடல் மாதிரிகளுக்கு இன்றியமையாதது. கோள வடிவப் புவியில் நெட்டாங்குகள் அனைத்தும் வடதுருவத்தில் ஒன்றாய்க் குவிகின்றன. அங்குக் கட்டங்கள் சுருங்கிக் கணிப்பு இடர்ப்படுகின்றது. வடதுருவமோ கடலின் நடுவே உள்ளது. ஆகவே பல மாதிரிகள் கட்டவலையின் வட முனையை இரண்டாகப் பிரித்து, கனடாவிலும் சைபீரியாவிலும் நிலத்தின்மேல் வைத்துவிடுகின்றன. அதனால் வட கடல்களில் கட்டங்கள் வளைந்து சாய்ந்து நிற்கின்றன. அத்தகைய கட்டத்துக்கு நான்கு மூலைகளையும் தனித்தனியே எழுதினாலன்றி அதன் எல்லை விளங்காது. மேலிருந்து நோக்குங்கால் மூலைகளை இடமாகச் சுற்றி எழுதுதல் வேண்டும் என்பது சி.எஃப். மரபின் விதி. சோழர் எழுத்து வலமாகச் சுற்றியது. இவ்வெழுத்து இடமாகச் சுற்றுகின்றது. எவ்வழியாயினும் எல்லோரும் ஒரே முறையில் சுற்றுதல் வேண்டும் என்பதே விதியின் கருத்து.

4. குருண் அமைந்த கட்டத்தில் கடல் உண்டா?

மாதிரிக்கு மாதிரி கட்டவலை வேறுபடும். விளக்கத்தின் பொருட்டு ஒரு பாகை அகல நீளமுடைய சீரான கட்டவலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குருண் ஏறத்தாழ 5.8 பாகை வட அகலாங்கிலும் (அட்சரேகையிலும்) 100.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கிலும் உள்ளது. ஆகவே அது வடக்கு 5 முதல் 6 வரை, கிழக்கு 100 முதல் 101 வரை அமைந்த கட்டத்துள் விழும். குருண், யான், சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங், பினாங்குத் தீவு ஆகிய அனைத்தும் அந்த ஒரே கட்டத்துள் அடங்கிவிடும்.

நிலப்படத்தை விரித்து அக்கட்டத்தை வரைந்து பார்க்க. கடற்கரை ஏறத்தாழ 100.4 பாகையை ஒட்டித் தெற்கு வடக்காகச் செல்கின்றது. எனவே கட்டத்தில் கடல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே; எஞ்சியது நிலம். பெரும்பங்கு எதுவோ அதுவே கட்டத்தின் இயல்பு என மாதிரி கொண்டால், இக்கட்டம் முழுவதும் நிலமாகிவிடும். யான் மீனவர் வலை வீசும் நீரும், பினாங்கு நீரிணையும் அம்மாதிரியில் கடலாக இரா.

அவ்வாறாயின், 'கெடாக் கரையின் கடல்மட்டம்' என ஒருவர் அக்கோப்பிலிருந்து எண்ணை எடுப்பது எவ்வாறு? அண்மையிலுள்ள கடற்கட்டத்தை நாடுவார். அது 99 முதல் 100 வரை அமைந்த மேற்குக் கட்டம். அதன் நடுப்புள்ளி யான் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், திறந்த நீரில் உள்ளது. அவ்வெண்ணைப் பயன்படுத்துவது தவறன்று. வேறு வழி இல்லாதவிடத்து அதுவே வழி. ஆனால் அறிக்கையில் 'கெடாக் கரை' என்று மட்டும் எழுதி, எந்தக் கட்டத்தின் எண் என்பதை எழுதாமல் விடுவது தவறாகும். அவ்வறிக்கையைக் கையிற்கொண்டு கரையின் உயரத்தை முடிவு செய்யும் பொறியாளர், தம் கரைக்கும் அவ்வெண்ணுக்கும் இடையே 100 கிலோமீட்டர் உள்ளது என்பதை அறியார்.

மலாக்கா நீரிணை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுடையது. வடமேற்கில் 250 கிலோமீட்டர் அளவுக்கு விரிந்து, தெற்கே 65 கிலோமீட்டர் அளவுக்கு ஒடுங்குகின்றது. ஒரு பாகைக் கட்டத்தைவிட ஒடுங்கிய அந்நீர்வழியை ஒரு மாதிரி அடைத்துவிடலாம். மற்றொரு மாதிரி நீரோட்டம் தடைப்படாதிருக்க வேண்டி அதனை உண்மையினும் அகலமாகத் திறந்துவைக்கலாம். மாதிரியின் கரையும் நாம் காணும் கரையும் ஒன்றல்ல என்பது இதனால் பெறப்படும். ஆதலின், எந்தக் கட்டம் கடல், எந்தக் கட்டம் நிலம், கடற்பங்கு எவ்வளவு என்பதைக் காட்டும் நிலம்-கடல் பகுப்பு அட்டவணையும் கட்டங்களின் பரப்பளவும் தரவோடு உடன் வருதல் வேண்டும்.

5. நான்கு எண்கள் போதுமா?

புவித் தரவின் மீத்தரவுக்கு ஐ.எஸ்.ஓ. 19115 என்னும் பன்னாட்டுத் தரம் உண்டு. அதன் வழியில் எல்லையை எழுதும் எளிய முறை, மேற்கு, கிழக்கு, தெற்கு, வடக்கு என நான்கு எண்களை எழுதுவதாகும். இதனை 'எல்லைச் செவ்வகம்' எனலாம். ஒரு காப்பகத்தில் கோப்பைத் தேடுவதற்கு இது மிகவும் பயன்படும். எனினும், தேடுவதற்குப் போதுமானது கணிப்பதற்கும் போதுமானது என எண்ணிவிடுதல் கூடாது.

மலாக்கா நீரிணை முழுவதையும் உள்ளடக்க வேண்டி, வடக்கு 1 முதல் 8 வரை, கிழக்கு 95 முதல் 104 வரை ஒரு செவ்வகம் வரைவோம். நீரிணை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கின்றது. செவ்வகமோ நேராக நிற்கின்றது. அதனால் செவ்வகத்தின் வடமேற்கு மூலையில் அந்தமான் கடலின் ஒரு பகுதி புகுந்துவிடும். தென்மேற்கு மூலையில், சுமத்திராவுக்கு அப்பாலுள்ள ஆழமான இந்தியப் பெருங்கடல் புகுந்துவிடும். வடகிழக்கு மூலையில் கிளந்தான், திரங்கானு கரைகளுக்கு அப்பாலுள்ள தென்சீனக் கடல் புகுந்துவிடும். இச்செவ்வகத்துக்குள் உள்ள கடற்கட்டங்கள் அனைத்தின் வெப்பநிலையையும் கூட்டிச் சராசரி கண்டு, 'மலாக்கா நீரிணையின் வெப்பநிலை' எனப் பெயரிட்டால், அது பல கடல்களின் கலவையாகும். ஆறுகளின் நீர் கலக்கும் ஆழமற்ற நீரிணையும், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுடைய பெருங்கடலும் ஒரே எண்ணுக்குள் அடக்கப்பட்டுவிடும்.

இதற்குத் தீர்வு ஆனைமங்கலச் செப்பேட்டிலேயே உள்ளது. எல்லை வளையும் இடமெல்லாம் எழுத்தும் வளைதல் வேண்டும். இன்றைய மொழியில் இதனைப் பல்கோணம் என்கின்றோம். ஒவ்வொரு திருப்பத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் வரிசையாக எழுதி, தொடங்கிய புள்ளியிலேயே முடித்துவிட்டால் எல்லை முழுமை பெறும்.

செவ்வகத்தில் மறைந்திருக்கும் மற்றோர் இடரும் உண்டு. நெட்டாங்கைச் சிலர் மேற்கு 180 முதல் கிழக்கு 180 வரை எழுதுவர்; சிலர் 0 முதல் 360 வரை எழுதுவர். கெடாவுக்கு இரண்டிலும் 100 என்றே வருதலால் நமக்கு வேறுபாடு தோன்றாது. பசிபிக் பெருங்கடலில் நிலைமை வேறு. எல் நினோவைக் கணிக்கப் பயன்படும் நினோ-4 என்னும் பகுதி கிழக்கு 160 முதல் மேற்கு 150 வரை பரந்துள்ளது. முதல் முறையில் மேற்கெல்லை 160, கிழக்கெல்லை −150 என வரும். மேற்கெல்லையின் எண் கிழக்கெல்லையின் எண்ணைவிடப் பெரியதாக இருப்பதைக் கண்ட ஒரு நிரல், இரண்டையும் இடம் மாற்றிவிட்டால், பசிபிக்கின் நடுப்பகுதிக்கு மாறாக உலகின் எஞ்சிய பகுதி முழுவதும் கணக்கில் வந்துவிடும். 0 முதல் 360 வரையான முறையில் இதுவே 160 முதல் 210 வரை என நேராக அமையும். எம்முறை கையாளப்பட்டது என்பதையும் மீத்தரவு சொல்லுதல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

6. பெயர் எழுதினால் போதாதா?

எண்களை விடுத்து, 'மலாக்கா நீரிணை' எனப் பெயரை மட்டும் எழுதினால் என்ன என்று கேட்கலாம். லங்காவித் தீவு எந்தக் கடலில் உள்ளது? அந்தமான் கடலில் எனச் சுற்றுலா நூல்கள் கூறுவதுண்டு. பன்னாட்டு நீரளவை அமைப்பு 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருங்கடல்கள், கடல்கள் ஆகியவற்றின் எல்லைகளைக் கூறும் நூலின் மூன்றாம் பதிப்பு வேறு விடை தருகின்றது. சுமத்திராவின் வட முனையையும் புக்கெட் தீவின் தென் முனையையும் இணைக்கும் கோட்டையே அந்நூல் நீரிணையின் மேற்கெல்லையாகக் கொள்கின்றது. கிழக்கெல்லை ஜோகூரின் தஞ்சோங் பியாய் முனையருகே அமைகின்றது. அக்கணக்கின்படி லங்காவியும் யான் கரையும் மலாக்கா நீரிணைக்குள்ளேயே உள்ளன. ஒரே தீவு, இரு பெயர்கள். எந்நூலின் எல்லையைப் பின்பற்றினோம் எனக் கூறாவிடின் பெயர் மயக்கம் தரும்.

கடற்பெயர்கள் நாடுகளிடையே பிணக்குக்கும் இடமாவதுண்டு. கொரியாவுக்கும் சப்பானுக்கும் இடைப்பட்ட கடலின் பெயர் பற்றிய வழக்கு யாவரும் அறிந்தது. இத்தகைய பிணக்குகளால் 1953ஆம் ஆண்டு நூலுக்கு அடுத்த பதிப்பு வெளிவராமலே போயிற்று. 2020ஆம் ஆண்டில் அவ்வமைப்பின் உறுப்பு நாடுகள், கடற்பகுதிகளைப் பெயருக்குப் பதிலாகத் தனி எண்களால் சுட்டும் புதிய தரவுத் தொகுதியை உருவாக்க இசைந்தன. அத்தொகுதியில் எல்லைகள் பல்கோணங்களாக அமையும்.

சி.எஃப். மரபும் கடற்பகுதிகளுக்கெனப் பொதுப் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்துள்ளது. இந்தோனேசிய ஊடோட்டம், மொசாம்பிக் கால்வாய், டிரேக் கடல்வழி முதலிய பெயர்கள் அதில் உள்ளன. எல்லோரும் ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுவதற்கு அப்பட்டியல் உதவுகின்றது. ஆனால் பெயர் ஒன்றாயினும், மாதிரிக்கு மாதிரி அதன் கீழ் அடங்கும் கட்டங்கள் வேறுபடலாம். ஆதலின் பெயரும் வேண்டும். அப்பெயர்க்குரிய எல்லையும் உடன் வேண்டும். பெயர் தேடுவோர்க்கு வழிகாட்டும். எல்லை கணிப்போர்க்கு உறுதி தரும்.

7. ஆழமும் எல்லையே

நிலத்துக்கு நான்கெல்லை போதும். கடலுக்கோ மேலும் கீழும் எல்லை உண்டு. 'கடல் மேற்பரப்பு வெப்பநிலை' என்பதை எடுத்துக்கொள்வோம். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் செயற்கைக்கோள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மேற்படலத்தின் வெப்பத்தையே உணர்கின்றது. மாதிரியில் மேற்பரப்பு என்பது முதல் அடுக்கின் சராசரியாகும். பல மாதிரிகளில் அவ்வடுக்கு 10 மீட்டர் தடிப்புடையது. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கினும் அவை குறிக்கும் நீர் ஒன்றல்ல. ஆகவே 0 முதல் 10 மீட்டர் வரை என ஆழத்தின் எல்லையையும் எழுதுதல் வேண்டும். மலாக்கா நீரிணையின் தென்பகுதி பெரும்பாலும் 40 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது என்பதை நினைவிற்கொண்டால், அங்கு 10 மீட்டர் என்பது சிறு அளவன்று என்பது புலனாகும்.

8. எல்லை மாறின் விடை மாறும்

எல்லையையே வரையறையாகக் கொண்ட ஓர் அளவையும் காண்போம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் இடையே வெப்பநிலை ஏறி இறங்கும் இயல்பை 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்பர். 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதற்கு அளவுகோல் வகுத்தது. மேற்குப் பெட்டி கிழக்கு 50 முதல் 70 வரை, தெற்கு 10 முதல் வடக்கு 10 வரை. கிழக்குப் பெட்டி கிழக்கு 90 முதல் 110 வரை, தெற்கு 10 முதல் நிலநடுக்கோடு வரை. இவ்விரு பெட்டிகளின் வெப்பநிலைப் பிறழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட வேறுபாடே அக்குறியீட்டெண்.

கிழக்குப் பெட்டி சுமத்திராவை ஒட்டியது. அங்குக் கடல் குளிர்ந்தால் இந்தோனேசியாவில் மழை குறைந்து வறட்சி மிகும். காட்டுத்தீயும் புகைமூட்டமும் பெருகும். 1997ஆம் ஆண்டிலும் 2019ஆம் ஆண்டிலும் இவ்வெண் மிக உயர்ந்தது. அவ்விரு ஆண்டுகளிலும் புகை நம் நாட்டையும் சூழ்ந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேசியாவின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டதை ஆசிரியர்கள் மறந்திரார்.

அக்கிழக்குப் பெட்டிக்குள் ஜாவாக் கடலின் மேற்குப் பகுதியும் அடங்குகின்றது. ஆழமற்ற அக்கடலைச் சேர்த்துக் கணிப்பவரும் விலக்கிக் கணிப்பவரும் ஒரே விடையைப் பெறார். இருவரும் 'இருமுனைக் குறியீட்டெண்' என்னும் ஒரே பெயரையே தம் கோப்பில் எழுதுவர். எல்லையையும் பகுப்பு அட்டவணையையும் எழுதியவரின் கணக்கை மற்றவர் சரிபார்க்க இயலும். எழுதாதவரின் எண்ணை ஏற்பதா விலக்குவதா என முடிவு செய்யவும் இயலாது. ஓர் அறிவியல் முடிவை மற்றொருவர் மீண்டும் செய்து சரிபார்க்கும் வாய்ப்பு இங்குதான் கைநழுவிப் போகின்றது.

2021ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கை இவ்வகையில் நல்ல முன்மாதிரி. உலகைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மூலைப்புள்ளிகளையும் யாவரும் பெறும்படி வெளியிட்டுள்ளனர். நாம் வாழும் தென்கிழக்காசியப் பகுதியை நிலத்தொகுதியிலும் கடற்றொகுதியிலும் சேர்த்துள்ளனர். தீவுகளும் கடலும் பின்னிக் கிடக்கும் இந்நிலப்பரப்பில் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் கூறுதல் பொருந்தாது.

9. எழுத வேண்டுவன

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். கடல் தரவைத் தருவோரும், அதிலிருந்து எண் எடுத்து எழுதுவோரும் ஐந்து செய்திகளைக் குறித்தல் வேண்டும்.

முதலாவது, நான்கு திசை எல்லைகள்; அவை கட்டத்தின் விளிம்பா நடுப்புள்ளியா என்பதும், நெட்டாங்கை எண்ணும் முறையும்.

இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்தின் மூலைகளும் பரப்பளவும்.

மூன்றாவது, நிலம்-கடல் பகுப்பு அட்டவணை.

நான்காவது, பகுதிக்குப் பெயரிட்டிருப்பின், அப்பெயர் எந்தப் பட்டியலின் எப்பதிப்பைச் சார்ந்தது என்பதும், அதன் பல்கோணமும்.

ஐந்தாவது, ஆழத்தின் எல்லையும் காலத்தின் எல்லையும்.

இவற்றை எழுத ஒரு பக்கம் போதும். எழுதாமல் விட்டதைப் பின்னர் ஊகித்து அறிவதற்கோ ஆண்டுகளும் போதாமற் போகலாம்.

ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்ப்பதற்கு ஒரு பயிற்சியும் உண்டு. மாணவர்கள் தம் பள்ளியின் எல்லையைச் சுற்றி நடக்கட்டும். முதலில் செப்பேட்டு முறையில், கீழ்பால் எந்தச் சாலை, தென்பால் எந்தத் தோட்டம், மேல்பால் எந்த வாய்க்கால், வடபால் யாருடைய வேலி எனத் தமிழில் எழுதட்டும். பின்னர்க் கைப்பேசியின் துணையால் ஒவ்வொரு திருப்பத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் குறிக்கட்டும். அப்புள்ளிகளை வரைபடத்தாளில் இட்டுப் பல்கோணம் வரையட்டும். இறுதியாக அப்பல்கோணத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து, செவ்வகத்துக்குள் பள்ளிக்கு உரியதல்லாத நிலம் எவ்வளவு புகுந்துள்ளது என அளக்கட்டும். மலாக்கா நீரிணையைச் செவ்வகத்துள் அடக்க முயன்றபோது நேர்ந்த பிழையை அவர்கள் தம் பள்ளி நிலத்திலேயே காண்பர்.

அதன்பின் 'கெடாக் கடல் இவ்வளவு உயரும்' என்னும் செய்தியை அவர்கள் நாளிதழில் படிக்கும்போது, எந்தக் கட்டத்தின் எண், எந்த எல்லைக்குள், எந்த மாதிரியில் எனக் கேட்கத் தொடங்குவர். அவ்வினாவுக்கு விடை எழுதப்பட்டிருக்கும் அறிக்கையை நம்பிப் பயன்படுத்தலாம். எழுதப்படாததை, எழுதி வருமாறு திருப்பி அனுப்பலாம். பாயிரம் இல்லாத நூலை நூலாக ஏற்காத மரபில் வந்த நமக்கு இது கடினமான செயலன்று.